தண்ணீரால் நலியும் மரம்: சென்னைத் தோட்டங்களை முன்வைத்து ஒரு பரிசீலனை

தோட்டத்து மரம் ஒன்று இலை பழுத்து, நுனிக்கிளை காய்ந்து நிற்கிறது. தண்ணீர் போதவில்லை என்கிறார் ஒருவர்; கூடிப்போய்விட்டது என்கிறார் இன்னொருவர். இருவரும் சாட்சிக்கு அழைப்பது அதே இலையைத்தான். நீர் மிகுந்து நலிந்த மரத்தை மீட்க முடியுமா, முடியுமென்றால் எதைச் செய்து மீட்பது என்பது நேற்று வந்த கேள்வியல்ல. மர வைத்தியம் பேசும் நூல்கள் இந்நாட்டில் ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளாக இருக்கின்றன. அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று பழமொழி தன் வேலையை முடித்துக்கொண்டது. அந்த அளவு எது என்பதில்தான் வழக்கே.

விடைகள் பல இருந்தும் கேள்வி தீராமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு விடையும் ஒரு குறிப்பிட்ட மண்ணில், ஒரு குறிப்பிட்ட மரத்தைப் பார்த்துப் பிறந்தது. மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு ஆகிய மூன்று பகுதிகளுக்குள்ளேயே அந்த மண் மாறுகிறது.

ஏரிப்படுகையும் கடல்மணலும்

தியாகராய நகர் 1920களில் உருவான குடியிருப்பு. அதற்கு முன் அங்கே கிடந்தது மாம்பலம் ஏரி; நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்டிருந்த பெரிய நீர்ப்பரப்பின் ஒரு பகுதி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறது, ஏரிதான் இல்லை. ஏரிப்படுகையின் களிமண் வீடுகளுக்கு அடியில் அப்படியே கிடக்கிறது. பெசன்ட் நகர், சாந்தோம், அடையாற்றின் கடலோரப் பகுதிகளில் மணல். மயிலாப்பூரில் கிழக்கே போகப் போக மணல் கூடும்.

ஒரே குழாயை அரை மணி நேரம் திறந்துவிட்டால், மணலில் சில மணி நேரத்தில் கீழே இறங்கிவிடும் நீர் களிமண்ணில் நாள்கணக்கில் தங்கும். அதற்காக மணல் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட முடியாது. கடலோரத்தில் நிலத்தடி நீர்மட்டம் மழைக்காலத்தில் வேர் இருக்கும் ஆழத்துக்கே ஏறி வரக்கூடும். சென்னைக்கு ஆண்டுக்குக் கிடைக்கும் சுமார் 1,400 மி.மீ. மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்றே மாதங்களில் கொட்டுகிறது. 2015 நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் 1,000 மி.மீ.-ஐத் தாண்டியது. அதே நகரம் 2019 கோடையில் குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்றது. ‘வாரம் இரு முறை தண்ணீர்’ போன்ற பொது விதி எதுவும் இங்கே செல்லாது.

மரத்துக்கு மரமும் மாறும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரம் புன்னை. அது கடலோர மரம், உப்புக்காற்றையும் ஈர மணலையும் பழகியது. திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலின் தலமரம் வன்னி. ராஜஸ்தான் பாலையில் ஆணிவேரை ஆழத்தில் இறக்கிப் பிழைக்கும் இனம். சில கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் இந்த இரண்டுக்கும் ஒரே நீர்க்கணக்குப் போட்டால் ஒன்றுக்காவது அநியாயம் செய்தவர்களாவோம்.

பழைய மர வைத்தியம்

முதல் நிலைப்பாடு விருட்ச ஆயுர்வேதத்தினுடையது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் ‘பிருகத் சம்கிதை’ மரம் வளர்ப்புக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்குகிறது. கோடையில் காலையும் மாலையும், குளிர்காலத்தில் ஒருநாள் விட்டு ஒருநாள், மழைக்காலத்தில் மண் காய்ந்தால் மட்டும் நீர் விட வேண்டும் என்பது அதன் விதி. இந்தக் கடைசிப் பகுதியை மட்டும் கடைப்பிடித்திருந்தாலே பல மரங்கள் பிழைத்திருக்கும். நாவல், கடம்பு, மருது, அத்தி, பலா உள்ளிட்ட சில மரங்கள் ஈரநிலத்துக்கு உரியவை என்று ஒரு பட்டியலும் தருகிறது. நோய்க்குறிகளாக அது சொல்பவை நான்கு: இலை வெளுத்தல், தளிர் வளராமை, கிளை காய்தல், சாறு வடிதல். இன்றைய வேளாண் கையேடும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. ஆனால் காரணமாக அந்நூல் காட்டுவது குளிர், காற்று, வெயில்; மிகுநீர் அந்த இடத்தில் இல்லை.

அதைச் சேர்த்தவர் சுரபாலர். பத்தாம் நூற்றாண்டை ஒட்டியது என்று கருதப்படும் அவருடைய ‘விருட்சாயுர்வேதம்’ ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் சுவடியாகக் கிடந்தது. நளினி சாதலேயின் ஆங்கில மொழிபெயர்ப்போடு 1996இல் செகந்திராபாதிலிருந்து அச்சேறியது. மனிதருக்கு உள்ளதுபோல் மரத்துக்கும் வாதம், பித்தம், கபம் உண்டு என்பது அதன் அடிப்படை. குளிர்ச்சியான, இனிப்பும் நெய்ப்பும் கொண்ட நீரை மிகுதியாக விட்டால் கபநோய் வரும். அதற்குக் கைப்பும் காரமும் துவர்ப்புமான கஷாயங்கள் மருந்து. கூடவே ஒரு குறிப்பு: வேரைச் சுற்றியுள்ள மண்ணை அகற்றிவிட்டு, காய்ந்த புது மண்ணை இட வேண்டும்.

இந்த மரபின் பலவீனம், எது வேலை செய்தது என்று பிரித்தறிய அதனிடம் வழி இல்லாமை. மண்ணை மாற்றி, கஷாயமும் ஊற்றி, மரம் தழைத்தால் பெயர் கஷாயத்துக்கே போகும். இக்காலத்தில் இந்நூல்களை மீட்டெடுத்துப் பரப்புவோரிடமும் இதே சாய்வு தெரிகிறது. பால், நெய், வாய்விளங்கப் பசை ஆகியவை மேடையேறுகின்றன. காய்ந்த மண்ணை இடும் உழைப்பு பின்னுக்குப் போய்விடுகிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறும் மண்ணில் பால் ஊற்றினால், அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் குடித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

வேரின் மூச்சு

இரண்டாவது நிலைப்பாடு தாவர உடலியலாளர்களுடையது. இவர்கள் பார்வையில் மரத்தைக் கொல்வது நீர் அல்ல, காற்றின்மை. நல்ல மண்ணின் கொள்ளளவில் ஏறத்தாழ பாதி துளைவெளி. அதில் நீரும் காற்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. துளை முழுவதும் நீர் நிறைந்தால் காற்று வெளியேறுகிறது. நீரில் ஆக்சிஜன் பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். இருப்பில் உள்ளது ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். வெப்பமான மண்ணில் வேரும் நுண்ணுயிரும் வேகமாகச் சுவாசிப்பதால் இன்னும் சீக்கிரம் தீரும். குளிர்நாடுகளின் தோட்ட நூல்கள் தரும் கெடுவைச் சென்னையில் நம்ப முடியாததற்கு இது ஒரு காரணம்.

மூச்சு முட்டிய வேர் நீரை உறிஞ்சும் திறனையும் இழக்கிறது. ஆகவே தண்ணீரில் நின்றபடியே மரம் தாகத்தில் வாடுகிறது. நைட்ரேட் சிதைந்து காற்றோடு போவதால் இலை மஞ்சளாகிறது. வீட்டுக்காரர் முதல் குறியைப் பார்த்து இன்னும் தண்ணீர் விடுகிறார். இரண்டாவதைப் பார்த்து யூரியா போடுகிறார். நோயை விட வைத்தியம் கொடிதாகும் இடம் இதுவே.

இதை உறுதிசெய்ய ஆய்வகம் வேண்டாம். அடிமரத்திலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்தால் போதும். நீர் கட்டிய மண் சாம்பலும் நீலமும் கலந்த நிறத்தில் வழவழவென்று வரும். முகர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம். நல்ல வேர் உடைத்தால் உள்ளே வெள்ளையாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் பிடித்து இழுத்தால், மேல்தோல் உறைபோல் கழன்று கையோடு வந்துவிட, நடுநரம்பு மட்டும் நூலாக மிஞ்சும். குழியை அப்படியே விட்டு மறுநாள் பார்த்தால், அதில் நீர் ஊறி நிற்கிறதா என்பதிலிருந்து பாதி விடை கிடைத்துவிடும்.

எந்த மரம் எவ்வளவு தாங்கும் என்பதில் இந்த அறிவியல் சில இடங்களில் தெளிவாகவும் சில இடங்களில் மங்கலாகவும் இருக்கிறது. பப்பாளி இரண்டு நாள் தேங்கலிலேயே மடியக்கூடியது. முருங்கையும் வேம்பும் தேங்கலைப் பொறுக்காதவை. நாவல், நீர்மருது, புங்கை ஆகியவை நன்றாகவே தாங்கும். மா நடுவில் நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் மாங்கன்றுகளை வெள்ளத்தில் நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், நீர்மட்டத்தை ஒட்டித் தண்டில் புடைத்த மூச்சுத்துளைகளை உண்டாக்கிக்கொண்டவை பிழைத்தன. உண்டாக்காதவை பெரும்பாலும் மடிந்தன. மழைக்குப் பிறகு மாவின் அடித்தண்டில் வெண்மையாகப் பொங்கும் அந்தத் திட்டுகளை நோய் என்று சுரண்டிவிடக் கூடாது.

இந்த நிலைப்பாட்டின் குறை, சோதனைகளில் பெரும்பகுதி தொட்டிக் கன்றுகளில் நடந்தவை என்பது. நாற்பதாண்டு வேம்பின் வேர் ஒரு பக்கம் களிமண்ணிலும் மறுபக்கம் பக்கத்து வீட்டுக் காய்ந்த மண்ணிலும் ஓடியிருக்கலாம். ஒரு பாதி மூழ்கினாலும் மறுபாதி மரத்தைக் காப்பாற்றக்கூடும்.

குற்றவாளி நீரா, கிருமியா?

மூன்றாவது தரப்பு தாவர நோயியல். நீர் வெறும் வாகனம், கொல்வது வேறு என்பது இவர்கள் வாதம். அந்தோன் டி பாரி 1876இல் பெயரிட்ட ஃபைட்டோப்தோரா என்ற கிருமியின் இனங்கள் மண்நீரில் நீந்திச் சென்று வேரைத் துளைக்கும் வித்துகளை உண்டாக்குகின்றன. எலுமிச்சை வகைகளின் அடித்தண்டில் கோந்து வடிவதற்கும், மழைக்காலத்தில் தென்னையின் குருத்து அழுகுவதற்கும் பெரும்பாலும் இவையே காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ப் பகுதியில் பாக்குக்காய் அழுகலுக்கு எதிராக லெஸ்லி கோல்மன் போர்டோ கலவையைப் பரப்பினார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் ஒவ்வொரு கிலோ, நூறு லிட்டர் தண்ணீர் என்ற ஒரு சதவீதக் கலவை அன்றிலிருந்து தென்னாட்டுத் தோட்டங்களின் பொது மருந்தாக நிலைத்துவிட்டது.

இந்தத் தரப்பின் மிகப் பயனுள்ள பங்களிப்பு மருந்து அல்ல, எச்சரிக்கை என்றே தோன்றுகிறது. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோயை எடுத்துக்கொள்ளலாம். 1952இல் தஞ்சை மாவட்டத்தில் முதலில் கவனிக்கப்பட்டதால் இந்தப் பெயர். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது, அடியில் செம்பழுப்புச் சாறு வடிகிறது, அடிமட்டைகள் தொங்குகின்றன. பார்ப்பவர் தண்ணீர் மிகுந்து அழுகியதாகத்தான் நினைப்பார். உண்மையில் கடலோர மணற்பாங்கில், கோடை வறட்சியில் அது தீவிரமாகிறது. பெசன்ட் நகர் மணலில் அப்படியொரு தென்னைக்கு நீரை நிறுத்தினால் அது மரத்துக்கே குழிபறிப்பதாகும். மரத்துக்கு ஆண்டுக்கு ஐந்து கிலோ வேப்பம் பிண்ணாக்கு, 40 லிட்டர் ஒரு சதவீத போர்டோ கலவையை வட்டப்பாத்தியில் ஊற்றுதல், நோய்கண்ட மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்ததற்கு நீர் ஓடவிடாமல் தடுத்தல் ஆகியவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வழக்கமான பரிந்துரைகள்.

வேம்பிலும் இதே மயக்கம் உண்டு. 1990களில் டேராடூன் பகுதியில் பதிவாகி, அண்மை ஆண்டுகளில் தெலங்கானாவில் பெரிதாகப் பேசப்பட்டு, தமிழ்நாட்டிலும் காணப்படும் நுனிக்கருகல் நோயில் கிளை நுனிகள் தீய்ந்ததுபோல் கருகும். அதற்கும் தோட்டக்காரரின் குழாய்க்கும் தொடர்பில்லை. ஆழ்துளைக் கிணற்று உப்புநீரால் இலை ஓரம் கருகுவதும் தூரத்திலிருந்து பார்த்தால் இதுபோலவே தெரியும்.

ஆனால் கிருமியைத் தேடிப் போகும் தரப்புக்கும் ஒரு குருட்டுப் புள்ளி இருக்கிறது. நீர் வடியாத மண்ணில் மருந்து நிலைக்காது. நன்மை செய்யும் பூஞ்சாணமாகிய டிரைக்கோடெர்மா விரிடி காற்று வேண்டும் உயிர். சேற்றில் அதைக் கொட்டினால் பணம் போனதுதான் மிச்சம். நீர் கட்டிய மண்ணில் பிண்ணாக்கும் தொழுவுரமும் மட்கும்போது, பாலைப் போலவே, ஆக்சிஜனைத்தான் தின்னும். வடிகாலுக்குப் பிறகே இவை எல்லாம்.

கத்தியும் ஊசியும்

நலிந்த மரத்தின் கிளையைக் கழிக்க வேண்டுமா என்பதில் கருத்து இன்னும் பிரிந்தே இருக்கிறது. வேர் போன அளவுக்குத் தழையையும் குறைத்தால் பாரம் சமமாகும் என்பது பழைய நியாயம். தெருவில் மரம் வெட்டுபவரும் இதையே சொல்வார். புது வேர் விடத் தேவையான சர்க்கரை இலையிலிருந்துதான் வர வேண்டும், ஆகவே காய்ந்ததை மட்டும் எடு என்பது பிற்கால நியாயம். இதற்கு வலுச் சேர்த்தவர் அமெரிக்க வனவியலாளர் அலெக்ஸ் ஷைகோ. மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அழுகலைச் சுவர் எழுப்பித் தனிமைப்படுத்துகிறது என்று 1970களிலிருந்து அவர் வாதிட்டார். வெட்டுவாயில் பசை பூசுவது அழுகலைத் தடுப்பதில்லை என்பதும் அவர் முடிவு. வராகமிகிரர் சொன்ன வாய்விளங்கப் பசையும் நம் போர்டோ பசையும் இதில் ஒருசேர அடிபடுகின்றன. மழைக்காலத்தில் பூஞ்சாணம் பெருகும் வெப்ப மண்டலத்துக்கு அந்த முடிவு முழுதும் பொருந்துமா என்பது வேறு கேள்வி.

பெருமரங்களின் வரலாறு இங்கே ஓரளவு வழிகாட்டுகிறது. ஹௌராவின் தாவரவியல் பூங்கா ஆலமரம் 1864, 1867 புயல்களில் அடிபட்டு, பூஞ்சாணம் ஏறி, 1925இல் அதன் தாய்மரமே வெட்டி எடுக்கப்பட்டது, விழுதுகள் வாழ்கின்றன. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்தது. அங்கும் விழுதுகளே மரமாக நிற்கின்றன. தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே பில்லலமர்ரி ஆலமரத்துக்குக் கரையான் அரிப்பைத் தடுக்க, 2018இல் மருத்துவமனையில் ஏற்றுவதுபோல் பாட்டில் தொங்கவிட்டு மருந்து ஏற்றினார்கள். படம் நாடெங்கும் பரவியது. ஆனால் ஆலமரத்தின் பாடத்தை வேம்புக்கோ மாவுக்கோ எடுத்துச் செல்ல முடியாது. அவற்றுக்கு விழுது இல்லை. மேலும், சொட்டு ஏற்றுவது பூச்சிக்கு விடை, மூச்சுக்கு அல்ல.

குழாயா, சிமெண்டா?

நான்காவது நிலைப்பாடு வயதில் இளையது. சென்னைக்கு மிக நெருக்கமானதும் அதுவே. மரத்தை மூழ்கடிப்பது தோட்டக்காரரின் கை அல்ல, நகரம் கட்டப்படும் முறை என்கிறது அது. இந்த ஊரில் சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் பழைய வீடுகள் தாழ்ந்துபோயின. மழைநீர் வாசல் வழியே உள்ளே வருகிறது. அதைத் தடுக்க வீட்டுக்காரர் தோட்டத்தில் ஓரடி, ஒன்றரை அடி மண் நிரப்புகிறார். பெரும்பாலும் இடித்த கட்டடத்தின் செங்கல் தூளும் காரையும் கலந்த மண். அடிமரம் விரிந்து வேராகப் பிரியும் கழுத்துப் பகுதி புதைகிறது. மேலே பேவர் கல் பாவப்படுகிறது. தி. நகரின் உள்தெருக்களில் அடிமரத்தைச் சுற்றி விரற்கடை இடைவெளிகூட விடாமல் சிமெண்ட் பூசி, அதில் பட்டை பிதுங்கி நிற்கும் மரங்களைக் காணலாம். இப்படிப்பட்ட மரத்துக்கு ஒரு வாளி நீரும் மிகைநீர்தான், ஏனெனில் உள்ளே போனது வெளியேற வழியில்லை.

இதோடு சேர்வது நாள் முழுதும் ஒரே இடத்தில் சொட்டும் ஏ.சி. தண்ணீர், ஆர்.ஓ. இயந்திரத்தின் உப்பேறிய கழிவுநீர், அடுக்ககங்களில் புல்தரைக்காகத் தானாக இயங்கும் தெளிப்பான். புல்லுக்குத் தினமும் நீர் வேண்டும். அதே நிலத்தில் நிற்கும் வேம்புக்கு வேண்டாம். பழைய வீடுகளில் அடுக்களைத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் மட்டும் திருப்பிவிட்டதில் ஒரு கணக்கு இருந்தது.

டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் ஆணையிட்டது. மற்ற நகரங்களிலும் அது மேற்கோளாகிறது. ஒரு மீட்டர் போதுமா என்பது வேறு வாதம். முதிர்ந்த மரத்தின் வேர்ப்பரப்பு தழைப்பரப்பைத் தாண்டிப் போவது. இந்த நிலைப்பாட்டின் பலவீனம், அது எல்லாப் பழியையும் நகரத்தின் மேல் போட்டுவிடுவது. சிமெண்டே இல்லாத விசாலமான தோட்டங்களிலும் அன்பு மிகுதியால் மரங்கள் நலிகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் விழுந்த மரங்களைப் பற்றியும் சிமெண்டைத் தனிக்காரணமாகச் சொன்னவர்கள் உண்டு. காற்றின் வேகமும் மரத்தின் இனமும் அங்கே பெரிய பங்கு வகித்தன.

தீர்ந்தவையும் தீராதவையும்

நான்கு தரப்பையும் எதிரெதிரே வைத்தால், ஒத்துப்போகும் இடம் சிறியது என்றாலும் உறுதியானது. நீரை நிறுத்துவது, தேங்கியதை வடிப்பது, புதைந்த கழுத்தைத் திறந்து காற்றுப் பட விடுவது, கெட்ட மண்ணைப் பகுதி பகுதியாக மாற்றுவது ஆகிய நான்கிலும் சுரபாலருக்கும் இன்றைய மண்ணியலாளருக்கும் பெரிய சண்டை இல்லை. எதையாவது சேர்க்கச் சொல்லும் வைத்தியங்களுக்குக் கிடைக்கும் சான்று, எதையாவது நீக்கச் சொல்லும் வைத்தியங்களுக்கு இருப்பதைவிடக் குறைவு. பஞ்சகவ்யம், ஹைட்ரஜன் பெராக்சைடு, களிமண்ணில் ஆற்றுமணல் கலப்பது ஆகியவற்றை இப்போதைக்கு ‘நிரூபணம் ஆகவில்லை’ என்ற வரிசையில்தான் வைக்க முடியும். ஜிப்சம் சோடியம் மிகுந்த களிக்கு மட்டுமே உதவும். மண்ணைச் சோதிக்காமல் இடுவது வீண்.

திறந்திருக்கும் கேள்விகளும் கனமானவை. நம் ஊர் முதிர்ந்த மரங்கள் எத்தனை நாள் தேங்கலைத் தாங்கும் என்பதற்குக் கன்றுகளில் எடுத்த கணக்கைத் தவிர நம்பகமான அளவு அரிது. மழைநீர் சேகரிப்பை 2003இல் தமிழ்நாடு எங்கும் கட்டாயமாக்கியபோது தோண்டிய உறிஞ்சுகுழிகள் அருகிலுள்ள மரத்துக்கு நீரை வடிக்கின்றனவா, கட்டுகின்றனவா என்பது மண்ணுக்கு மண் மாறும். களிமண்ணில் மரத்தடியில் குழி வேண்டாம் என்று எச்சரிக்கையோடு சொல்லலாம்; மணலில் அது நன்மையே செய்யக்கூடும். எந்தக் கட்டத்தில் மீட்பைக் கைவிட வேண்டும் என்பதிலும் ஒப்புக்கொண்ட அளவுகோல் இல்லை. தழை பாதி போன மரம் திரும்பியதுண்டு. தழை முழுதும் பச்சையாக இருக்கையில், அடியில் வேர் அழுகி, காற்றில்லாத நாளில் சாய்ந்ததும் உண்டு. அடிமரத்தைச் சுற்றி மண் ஒரு பக்கம் வெடித்து மறுபக்கம் மேடிட்டால், அது வைத்தியத்தின் காலம் அல்ல. அடியில் வண்டியோ குழந்தைகளோ இல்லாமல் பார்த்துக்கொண்டு, பயிற்சி பெற்றவரை அழைக்கும் நேரம்.

மீட்பு நடந்தாலும் அது ஒரு பருவத்தில் தெரியாது. இழந்த வேரை மரம் திரும்ப விட ஓராண்டு, இரண்டாண்டுகூட ஆகலாம். அதற்குள் இலையைப் பார்த்து உரமிட்டு அவசரப்படக் கூடாது. வேலைக்கு ஏற்ற காலமும் சென்னையில் குறுகியது. ஏப்ரல், மே வெயிலில் வேரைத் திறந்தால் கருகிவிடும். ஐப்பசி பிறந்தால் மழை. ஆகஸ்டு, செப்டம்பரில் அடிமரத்துச் சிமெண்டை உடைத்து, நிரப்பு மண்ணை எடுத்து, வடிகால் வெட்டிவிடுங்கள்.